ஆயுத பூஜைக்கு நான் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

மூன்று வருடங்களுக்கு முன், விஜயதசமி அன்று காலை, திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருக்கும் ஒரு எடை மேடையில் நடந்தது இது. லாரியைச் சரக்கோடு அப்படியே ஏற்றி நிறுத்தி எடை போடுவார்களே, அந்த இடம். எங்கள் பக்கத்தில் 'வே பிரிட்ஜ்' என்றால்தான் புரியும். அங்கே நான் பகல் ஷிப்டு கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இன்றும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். அதற்கு ஒருவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல முடியாமல் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு வீடு ராயபுரம். என் கணவர் காசிமேட்டிலிருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். அந்த வருடம் வலை இழுக்கும் மெஷினில் கை மாட்டி, தோள்பட்டை முறிந்து வீட்டோடு இருந்தார். ஆறு மாதத்துக்குப் படகில் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆக, என் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. அந்த வேலை போனால் வேறு வழியே கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் அதன் தலையில் நானே கல்லைப் போட்டேன்.

எங்கள் எடை மேடை கம்ப்யூட்டர் ரொம்பப் பழசு. எடை காட்டும் மெஷினின் வயர் அந்தப் பழைய பெட்டியில்தான் பொருந்தும், எடை போடும் சாஃப்ட்வேரும் பழைய விண்டோஸில்தான் ஓடும். புதுசு வாங்கலாமே என்றால், "ஓடுற வரைக்கும் ஓடட்டும்மா" என்பார் முதலாளி. ஸ்விட்சைப் போட்டுவிட்டு நிதானமாக ஒரு டீ குடித்துவிட்டு வரலாம், அதற்குள் திரையில் பாதிதான் வந்திருக்கும். போதாக்குறைக்கு, நைட் ஷிப்டுக்கு வரும் ஆள் பென் டிரைவில் பாட்டும் படமுமாகக் கொண்டு வந்து அதில் கொட்டி வைப்பார். காலையில் நான் வந்தால், திரை முழுக்க யார் யார் மூஞ்சியோ இருக்கும். எடை சாஃப்ட்வேரின் ஐகானைத் தேடிப் பிடிப்பதற்குள் வெளியே ஹாரன் சத்தம் காதைக் கிழிக்கும்.

அப்போதுதான் செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒரு படம், ஐகான்கள், கீழே ஒரு பட்டை எல்லாம் வருகிறதே, அதற்கு 'ஷெல்' என்று பெயராம். வீட்டுக்கு வாசல் மாதிரி. பழைய விண்டோஸில் அந்த வாசலை எடுத்துவிட்டு நமக்கு வேண்டிய வாசலை வைத்துக்கொள்ளலாம் என்று அந்த வீடியோக்காரர் சொன்னார். அதாவது, எந்த சாஃப்ட்வேர் எந்த இடத்தில் இருக்கிறது என்று உள்ளே ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டால் போதும். ஸ்விட்சைப் போட்டதும் மற்ற எதுவும் வராமல் நேராக அதுவே திறக்கும்.

லாரி வராத ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மூன்று தடவை வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, செய்தே விட்டேன். நம்ப மாட்டீர்கள், டீ குடிக்கப் போகும் நேரமெல்லாம் போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எடை சாஃப்ட்வேர் வந்து நின்றது. ஐகான் இல்லை, பாட்டு இல்லை, யார் மூஞ்சியும் இல்லை. முதலாளி வாயைப் பிளந்தார். மறுநாள் ஸ்வீட் பாக்கெட்டோடு வந்தார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

அத்தோடு விட்டேனா? எடைச் சீட்டில் வண்டி நம்பர், கம்பெனி பெயர், சரக்கு, டிரைவர் பெயர் என்று நாலு பெட்டி இருக்கும். கடைசிப் பெட்டியை யாருமே படிப்பதில்லை. அதை எதற்கு ஒவ்வொரு தடவையும் கேட்டு எழுத வேண்டும்? அந்தப் பெட்டியில் தானாகவே 'டிரைவர்' என்று விழுகிற மாதிரி செய்தேன். வண்டிக்கு ஐந்து விநாடி மிச்சம். இதையும் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பிழைத்ததும் வாயால்தான், மாட்டிக்கொண்டதும் வாயால்தான். ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்பு, கன்டெய்னர் லாரி ஓட்டும் ஒரு டிரைவர் எடை போட வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கட்டம் போட்ட லுங்கி, தோளில் கிரீஸ் படிந்த துண்டு. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்ததால், கம்ப்யூட்டரை மறுபடி போட்டுக்கொண்டிருந்தேன். சீட்டுக்காக ஜன்னலில் நின்றவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"ஷெல்ல மாத்திகீறியாமா? ஜோராத்தான் கீது. திரும்பி வர்றதுக்கு ஒரு வழி வெச்சிகீறியா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. யாருக்கும் தெரியாத வித்தை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததை, லுங்கி கட்டிய ஒரு ஆள் ஜன்னலுக்கு வெளியே நின்றே கண்டுபிடித்துவிட்டாரே! "நீங்க வண்டியப் பாருங்கண்ணா. கம்ப்யூட்டர நான் பாத்துக்கறேன்" என்று வெடுக்கென்று சொல்லி, சீட்டை நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டு போய்விட்டார். சிரிக்காமல் போயிருந்தால் அப்போதே மறந்திருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். ஆனாலும் எடை மேடையில் பூஜைக்குச் சுத்தம் செய்யும் வேலை வருடா வருடம் என்னுடையதுதான். மதியத்தோடு எடை போடுவதை நிறுத்திவிட்டோம். ஒட்டடை அடித்தேன், ஜன்னல் துடைத்தேன், கீபோர்டைத் தலைகீழாகத் தட்டி அதிலிருந்த மிக்சர் தூளையெல்லாம் கொட்டினேன். வெளியே இவ்வளவு சுத்தம் செய்கிறோமே, உள்ளே மட்டும் கலீஜாக இருக்கலாமா என்று ஒரு ஞானோதயம். கீபோர்டில் மூன்று பட்டனை ஒன்றாக அழுத்தினால் திரையில் வரும் பெட்டி வழியாகப் பழைய திரையை வரவழைத்தேன். பாட்டையும் படத்தையும் அழித்தேன். எங்கேயோ மூலையில் கிடந்த எடை சாஃப்ட்வேரின் ஃபோல்டரைத் தூக்கி, நல்ல இடமாகப் பார்த்து, நல்ல பெயராக வைத்துக் குடியேற்றினேன். நைட் ஷிப்டு ஆள் இனிமேல் பழைய திரையை வரவழைக்கவே கூடாது என்று, அந்த மூன்று பட்டன் வழிக்கும் கடைசியில் ஒரு பூட்டுப் போட்டேன்.

அதன் பிறகு கம்ப்யூட்டரை முழுதாக அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. பூஜை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரை தொடக் கூடாது என்பது முதலாளியின் கண்டிப்பு. அதனால் அன்று நைட் ஷிப்டும் கிடையாது. பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் ரோடு அடைத்துவிட்டது. எங்கள் மேடைக்கு வரும் லாரிகள் ஒரு வரிசை. அதற்கு அந்தப் பக்கம், ரோட்டோரமாக, துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் இன்னொரு வரிசை. அந்த இரண்டாவது வரிசையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சில நாள் ஒரு பகலும் ஓர் இரவும் நின்றால்தான் உள்ளே போக முடியும். வரிசை நகரும்போது ஒரு லாரியில் டிரைவர் இல்லை என்றால், பின்னால் இருக்கிறவர்கள் அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். அங்கே அதுதான் வழக்கம். யாரும் யாரையும் திட்ட மாட்டார்கள். அதனால் வாளித் தண்ணீரில் குளிப்பது, சாப்பிடுவது எல்லாமே வண்டியை விட்டு நகராமல்தான்.

ஸ்விட்சைப் போட்டேன். எடை சாஃப்ட்வேர் வரவில்லை. நீல நிறத்தில் வெறும் திரை, நடுவில் ஒரே ஒரு அம்புக்குறி. அணைத்துப் போட்டேன். அதே நீலம். இன்னொரு தடவை, அப்போதும் நீலம். மூன்று பட்டனையும் அழுத்தினேன். இதை உங்கள் நிர்வாகி தடை செய்திருக்கிறார் என்று இங்கிலீஷில் ஒரு அறிவிப்பு வந்தது. அந்த நிர்வாகி வேறு யாருமில்லை, நான்தான்.

வெளியே ஹாரன். சாஃப்ட்வேர் சர்வீஸ் ஆளின் போன் ஸ்விட்ச் ஆஃப், பண்டிகை லீவு. வேறு வழியில்லாமல் முதலாளிக்குப் போன் போட்டேன். என்ன செய்தாய் என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது என்று துணிந்து பொய் சொன்னேன். இதுவரை போட்ட எடைச் சீட்டு மொத்தமும் அதில்தான் இருக்கிறது என்று கத்தினார். "ஒரு மணி நேரத்துல வர்றேன். அதுக்குள்ள ஓடலன்னா நீ வூட்டுக்குக் கெளம்பிடு. நாளைக்கும் வராத" என்று போனை வைத்தார். மேடையில் நின்ற லாரி பின்வாங்கி, அடுத்த எடை மேடையைத் தேடிப் போனது. அதைப் பார்த்து இன்னும் இரண்டு லாரிகள் கிளம்பின. நான் நாற்காலியில் உட்கார்ந்து, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டரின் வாசல் தொலைந்தால் அவர் கணக்கில் வருமா என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை.

ஜன்னலில் ஒரு காலி பாட்டில் நீண்டது. "தண்ணி கெடைக்குமாமா?" என்று கேட்டபடி நின்றவர் அதே லுங்கி டிரைவர். வண்டி துறைமுக வரிசையில் நின்றதால், தண்ணீர் பிடிக்க இறங்கி வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. "உள்ள வரலாமா?" என்று மட்டும் கேட்டார்.

டிரைவர்கள் உள்ளே வரக் கூடாது என்று கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தேன். அவர் அதை ஒரு தடவை நிதானமாகப் படித்தார். செருப்பை வெளியே விட்டார், கையைத் துண்டில் துடைத்தார், உள்ளே வந்து உட்கார்ந்தார். என்ன மாற்றினாய் என்று கேட்டதற்கு, அவரிடமும் ஒன்றுமில்லை என்றேன். பழக்க தோஷம். அவர் ஏதேதோ செய்து பார்த்தார். பத்து நிமிடம் வீணானது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டராண்டயும் வக்கீலாண்டயும் பொய் சொல்லக் கூடாதும்பாங்க. ரிப்பேருக்கு ஒக்காந்தவனாண்டயும் சொல்லக் கூடாதும்மா. இன்னா பண்ண, சொல்லு."

அவ்வளவுதான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடியோவில் தொடங்கி மூன்று பட்டனுக்குப் போட்ட பூட்டு வரை ஒரே மூச்சில் கொட்டினேன். கணவரின் தோள்பட்டையைப் பற்றி அவர் கேட்கவில்லை, அதையும் சொன்னேன். அவர் சிரித்தார். போன வாரம் சிரித்த அதே சிரிப்புதான். ஆனால் அன்று அது எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

"அப்ப பயமில்ல. வூட்டு சாமான எல்லாம் வேற வூட்டுக்கு மாத்திட்ட. வெலாசத்த மாத்தல. பாவம், அது பழைய வூட்டாண்ட போயி கதவத் தட்டிகினு நிக்குது."

கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, கீபோர்டின் மேல் வரிசையில் F8 என்று இருக்கும் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் அதுவரை பார்த்தே இராத கறுப்புத் திரை ஒன்று வெள்ளை எழுத்துகளோடு வந்தது. வாசல் பூட்டியிருந்தால் கொல்லைப் பக்கம் வழி இருக்கும் என்றார். இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். லாரிக்கு வருவதற்கு முன் வியாசர்பாடியில் ஏழு வருடம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாராம். காசு கட்டின நேரம் முடிந்ததும் திரையை மூடிக்கொள்கிற மாதிரி எல்லா கம்ப்யூட்டரிலும் ஷெல்லை மாற்றி வைத்திருந்தாராம். வருகிறவர்கள் இந்த F8 வழியாகத்தான் அதை உடைத்து ஓசியில் உட்காருவார்களாம். "பூட்டு போட்டது நானு. எப்டி தொறக்கறதுன்னு கத்துக் குடுத்தது கஸ்டமருங்க" என்றார். எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகு சென்டரை மூடிவிட்டு ஸ்டீயரிங் பிடித்துவிட்டார்.

பேசிக்கொண்டே, பழைய வாசலே வரும்படி ஒரு வரியைத் திருத்தி, மறுபடியும் கம்ப்யூட்டரைப் போட்டார். நடுவில் இரண்டு மூன்று தடவை ஜன்னல் பக்கம் பார்த்தார். முதலாளி வந்துவிடுவாரோ என்று எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் திரையில் அந்தப் பச்சைப் புல்வெளிப் படம் வந்தது. பழைய விண்டோஸில் எல்லோரும் பார்த்திருப்பீர்களே, புல் மேடும் நீல வானமும். அதைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நான் இவ்வளவும் செய்தேன். அன்று அந்தப் புல்வெளியைப் பார்த்து விசும்பி அழுதேன். இதுவரை போட்ட சீட்டுகள் ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தன.

இதோடு எழுந்து போயிருக்கலாம் அவர். போகவில்லை. நான் வைத்த வாசலையே மறுபடியும் வைத்தார், இந்தத் தடவை சரியான விலாசத்தோடு. "நீ பண்ணது நல்ல வேலதாம்மா. திரும்பி வர்ற வழிய மட்டும் அடைக்காத" என்று சொல்லி, மூன்று பட்டனின் பூட்டையும் எடுத்துவிட்டார். வீணாய்ப் போன ஒரு சீட்டின் பின்பக்கம், இன்னொரு தடவை இப்படி நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி, கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் ஒட்டினார். பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டார். முதலாளி கேட்டால் கரண்ட் பிரச்சினை என்று சொல்லிவிடச் சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். அதற்குள் மேடையில் லாரி ஏறிவிட்டது. நான் எடையைப் பார்த்து, சீட்டை அடித்து நிமிர்ந்தபோது அவர் இல்லை. ஒரு டீ வாங்கிக் கொடுக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாலைந்து வண்டி போன பிறகு சீட்டு வாங்க வந்த இன்னொரு டிரைவர், அந்த அண்ணன் உனக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லையே, ஏன் என்றேன்.

"நேத்து காலைலேர்ந்து ஹார்பர் லைன்ல நின்னுகினு இருந்தாரும்மா. இன்னிக்குத்தான் லைனு நகர ஆரம்பிச்சுது. அந்த நேரம் பாத்து ஒன்னாண்ட வந்து ஒக்காந்துட்டாரு. முப்பது வண்டிக்கு மேல தாண்டிப் போயிடிச்சி. இந்தாண்ட லைன்ல இருந்த நாங்ககூட ஹாரன் அடிச்சோம், அவரு ஏந்து வரல."

ஜன்னல் பக்கம் அவர் எதற்காகப் பார்த்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. தன் வண்டியைத் தாண்டி ஒவ்வொரு லாரியாகப் போவதைப் பார்த்துக்கொண்டேதான் என்னோடு சிரித்துப் பேசியிருக்கிறார். நான் பொய் சொல்லி வீணாக்கிய அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும் எத்தனை வண்டி போயிருக்கும்!

முதலாளி வந்தார். மேடையில் வண்டி ஏறி இறங்குவதைப் பார்த்ததும் கோபம் பாதி இறங்கிவிட்டது. கரண்ட் பிரச்சினை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். சொல்ல வாய் வரவில்லை. எனக்காக இடத்தை இழந்த ஒருவர் அரை மணி முன்பு உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு இன்னொரு பொய் சொல்வதா? நடந்ததை நடந்தபடி சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன், அதை இங்கே எழுத முடியாது. ஆனால் கடைசியில், "உண்மைய சொன்னதால உட்றேன்" என்றார். பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துவிட்டு, அந்த ஆளைக் கூட்டி வா, பார்க்க வேண்டும் என்றார்.

எப்படிக் கூட்டி வருவது? வெளியே போய்ப் பார்த்தேன், வரிசை நகர்ந்து அவர் வண்டி எப்போதோ போயிருந்தது. எங்கள் ரோட்டில் டிரைவர்களுக்குப் பெயர் கிடையாது. வண்டி நம்பரில் கடைசி நாலு எண்தான் பெயர். சீட்டு வாங்க வந்தவரிடம் அதைக் கேட்டு வைத்திருந்தேன். கம்ப்யூட்டரில் தேடினேன், போன வாரத்துச் சீட்டு உடனே கிடைத்தது. வண்டி நம்பர், கம்பெனி பெயர், சரக்கு எல்லாம் இருந்தது. டிரைவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'டிரைவர்' என்று இருந்தது. கம்பெனிக்குப் போன் செய்தேன். அந்த வண்டியை மாற்றி மாற்றி மூன்று பேர் ஓட்டுகிறார்கள், யார் வேண்டும், பெயரைச் சொல்லுங்கள் என்றார்கள். பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவர் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த முனையில் இருந்தவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த நம்பர் வண்டி நாலைந்து தடவை எங்கள் மேடைக்கு வந்தது. ஒவ்வொரு தடவையும் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். வேறு வேறு ஆட்கள்தான் இறங்கினார்கள்.

என் கணவர் தோள் சரியாகி இப்போது கடலுக்குப் போகிறார். கம்ப்யூட்டர் இன்னும் அதே கம்ப்யூட்டர், வாசலும் நான் வைத்த அதே வாசல். அவர் ஒட்டிய சீட்டு பழுப்பேறிவிட்டது, மேலே டேப் போட்டு வைத்திருக்கிறேன். கதவில் இருந்த எச்சரிக்கையைக் கிழித்துவிட்டு, உள்ளே ஒரு தண்ணீர் கேன் வைத்தேன். ஆயுத பூஜைக்கு அந்தச் சீட்டுக்கும் ஒரு பொட்டு வைக்கிறேன். நாலாவது பெட்டியைப் பழையபடி மாற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு டிரைவரிடமும் பெயர் கேட்டு, எழுதின பிறகுதான் சீட்டு வரும். "பேரு இன்னாத்துக்கு மேடம்?" என்று சலித்துக்கொள்வார்கள். சும்மாதான் என்று சொல்வேன்.

எத்தனையோ ஆயிரம் பெயர்கள் சேர்ந்துவிட்டன. அவர் நைட் ஷிப்டில் வந்து போயிருந்தால் அவற்றில் அவருடைய பெயரும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். வாரக்கணக்கில் பெருமையடித்துக்கொண்டு நான் மிச்சம் பிடித்த அந்த ஐந்து விநாடியில்தான், ஜெபத்தில் சொல்லி நன்றி கூற வேண்டிய ஒரு பெயரைத் தொலைத்தேன் என்பதை நினைக்காமல் இன்றுவரை ஒரு சீட்டும் நான் அடித்ததில்லை.